தோளில் இருந்த கறை

இரத்தக் கறையில் வெந்நீர் பட்டால் அவ்வளவுதான். சூட்டில் அது முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் உப்பு, துணியின் உள்பக்கத்திலிருந்து கறையை வெளியே தள்ளும் பொறுமை, இவை போதும். லாண்டரிக்காரருக்கு இது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். "உங்க கையில குடுத்தா கறையோட சேர்த்து பூ டிசைனும் போயிடும்" என்று வாடிக்கையாளர்கள் கிண்டல் செய்வார்கள்.

அன்று மாலை மகள் பேயறைந்த மாதிரி கடைக்குள் வந்தாள். வெள்ளைச் சட்டையின் இடது தோளில் இரத்தம். மைதானத்துக்குப் பின்னால் பிள்ளைகளுக்குள் பாட்டிலால் அடிதடி என்று தெருவில் அதற்குள் பேச்சு வந்திருந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. "சட்டைய மாத்திட்டு வா சிட்டு" என்றார். அவள் மாடிக்குப் போனதும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

மறுநாள் காலையில் போலீஸ் வந்து அவளை அழைத்துப் போனது. தலையில் அடிபட்ட பெண் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். அடித்தது இவள்தான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

லாண்டரிக்காரரும் மனைவியும் அழைத்து வந்திருந்த வக்கீலம்மா, மகளிடம் பேசிவிட்டு ஸ்டேஷன் வராந்தாவுக்கு வந்தார்.

"உங்க பொண்ணு அடிக்கல. அடிபட்டவளைத் தோள்ல சாய்ச்சு ரோடு வரைக்கும் கொண்டு வந்திருக்கா. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் பயந்து ஓடி வந்துட்டா. அந்தச் சட்டை எங்க? இப்போதைக்கு அதுதான் சாட்சி."

மகளுக்காகக் கொண்டுவந்த மாற்றுத்துணிப் பையிலிருந்து லாண்டரிக்காரர் சட்டையை எடுத்தார். இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் கவர் மாட்டியிருந்தது. வக்கீலம்மா தோள்பட்டைத் தையலைக்கூடப் பிரித்துப் பார்த்தார். வெள்ளைவெளேர் என்று இருந்தது.

"தெரியாம மத்த துணியோட போட்டுட்டேன்னு சொல்லிடுங்க" என்றாள் மனைவி. "வழக்கம்போல விளக்கம் சொல்ல ஆரம்பிச்சிடாதீங்க."

"பொய் சொல்லாதீங்க. நாளைக்கு உங்க பொண்ணு சொல்றதையும் நம்பமாட்டாங்க" என்றார் வக்கீலம்மா. "நான் பக்கத்துல இருக்கேன். நடந்ததை மட்டும் சொல்லுங்க."

உள்ளே மகள் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். லாண்டரிக்காரர் சட்டையை மேஜையில் வைத்து இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்.

"தெறிச்ச கறை புள்ளி புள்ளியா இருக்கும் சார். இது ஊறின கறை. தோள்ல ஒரே இடத்துல, உள்ளங்கை அகலத்துக்கு. சட்டைக் கையில ஒரு பொட்டு கூட இல்ல."

"நல்லாத்தான் பார்த்திருக்கீங்க. அப்புறம் எதுக்குத் துவைச்சீங்க?"

அவர் மகள் பக்கம் திரும்பினார்.

மகள் தலையை நிமிர்த்தினாள். "நான்தான் அடிச்சேன்னு நெனச்சீங்களாப்பா?"

"கேக்கப் பயமா இருந்துச்சு சிட்டு."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"துவைச்சவரே சாட்சி சொன்னா கோர்ட்டுல எப்படி எடுத்துக்குவாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் கோபம் இல்லை. "அந்தப் பொண்ணு கண் முழிச்சுப் பேசட்டும். அதுவரைக்கும் இவ சிறுவர் இல்லத்துலதான் இருக்கணும்."

வேன் வந்தது. மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். அப்பா நீட்டிய பையை வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே ஒரு போலீஸ்காரர் சட்டையில் எண் எழுதிய சீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார், காலரின் முதல் பட்டன் துளையில் நூலைக் கோத்து. கடைக்கு வரும் ஒவ்வொரு துணிக்கும் லாண்டரிக்காரரும் அங்கேதான் சீட்டு கட்டுவார், துவைப்பதற்கு முன்னால்.