நம்பர் போட்ட சாமி

"அக்கா, இந்தச் சாமிக்கு எதுக்கு நம்பர் போட்ருக்கு?"

மந்தைவெளியில் ஒரு வேப்பமரத்தடியில், ஞாயிற்றுக்கிழமை காலை சின்னப் பெண் ஒருத்தி கேட்ட கேள்வி அது. அவளோடு தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகப் பத்திருபது பேர். பழைய மெட்ராஸை நடந்தே சுற்றிக் காட்டுகிற ஹம்சா அவர்களைக் கூட்டி வந்திருந்தாள். கேள்வியைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. வடக்கே கையைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ விளக்கினாள். எல்லாரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

பக்கத்தில் பூக்கடை போட்டிருந்த பொன்மணி, பூக் கட்டுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போனதும் குனிந்து பார்த்தாள். வெள்ளிதோறும் அவள் மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கிற முழங்கால் உயரக் கல். வாரம் முழுக்கக் கொட்டிய மழையில் மஞ்சள் கரைந்துபோய், அடியில் ‘4’ என்று தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கண்ணில் படாத எண். போன வாரம் இந்தப் பொம்பளை இங்கே குந்திக்கொண்டு எதையோ நோண்டினாளே!

"இன்னா பொன்மணி, உன் சாமிக்கும் ஆதார் கார்டு குடுத்துட்டாங்களா?" என்று சிரித்தார் எதிர்ப்பக்கத்து இளநீர்க்காரர் வடிவேலு.

"சிரி மாமா, சிரி. நம்பர் போட்டா இன்னா நடக்கும்னு உனக்குத் தெரியாதா?"

வடிவேலுவின் சிரிப்பு நின்றது. இரண்டு பேரும் அடையாற்றங்கரையில் ஒரே வரிசையில் குடியிருந்தவர்கள். ஒரு நாள் நல்ல சட்டை போட்டவர்கள் வந்தார்கள். படம் எடுத்தார்கள். கதவில் வெள்ளைப் பெயின்ட்டால் எண் எழுதினார்கள். "சும்மா கணக்குக்குத்தாம்மா, பயப்படாதீங்க" என்றார்கள். அடுத்த மழைக்கு முன்னால் வீடு இல்லை. இப்போது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில், அதற்குப் பதிலாகக் கொடுத்த மாடி வீடு. விடிகாலை பஸ் பிடித்து வந்தால்தான் பிழைப்பு. சாமி போனால், சாமியை அண்டியிருக்கும் கடையும் போகும்.

புதன்கிழமை ஹம்சா தனியாக வந்தாள், டேப்பும் பிரஷ்ஷுமாக. கல்லைத் தேய்த்தாள், அளந்தாள்.

"இன்னாத்துக்கு மேடம் அளக்குறீங்க?"

"சும்மாதான்மா. ஒண்ணும் பயப்படாதீங்கோ."

அதே வார்த்தை. பொன்மணிக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

கெடுதல் செய்தவரைத் தண்டிக்கச் சொல்லிச் சாமிக்கு மிளகாய் அரைத்துப் பூசுகிற வழக்கம் ஒன்று உண்டு. பூசினால் செய்தவருக்கு எரியும். வழக்கு தீர்ந்ததும் பாலூற்றிச் சாமியைக் குளிரவைக்க வேண்டும்; அது பூசியவர் பட்ட கடன். வெள்ளிக்கிழமை மஞ்சளோடு மிளகாய் விழுதையும் குழைத்துப் பூசினாள் பொன்மணி.

"என் எடத்தப் புடுங்க வந்தவளுக்கு எரியட்டும்."

ஞாயிறன்று எரிந்தது. கூட்டத்துக்கு எண்ணைக் காட்ட ஹம்சா விரலால் மஞ்சளை வழித்தாள். அதே கையால் வியர்வையைத் துடைத்தாள். மறுகணம் கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வடிவேலு ஓடிவந்து, இளநீரை வெட்டிக் கண்ணில் விட்டார். பொன்மணி தலை நிமிராமல் பூக் கட்டினாள்.

கண் வீங்கிச் சிவந்த ஹம்சா, தட்டுத் தடுமாறி அவளிடம்தான் வந்தாள்.

"மஞ்சப்பொடில எவனோ மொளகாப்பொடியக் கலந்து வித்துண்டிருக்கான்மா. நீங்க எப்பவும் தொடறேளே, கண்ணுல பட்டுடப் போறது. பாத்துக்கோங்கோ."

பொன்மணியின் விரலில் நார் சிக்கிக்கொண்டது. நடிக்கிறாளோ என்று நினைத்தாள். அன்பாகப் பேசி வந்தவர்கள்தான் அன்றைக்கும் கதவில் எண் எழுதினார்கள்.

செவ்வாயன்று நடைபாதையை உடைத்து மழைநீர்க் கால்வாய் போட ஜேசிபி வந்தது.

"பாத்தியா மாமா! அவ வேலதான்!" என்று கத்திக்கொண்டே பொன்மணி கல்லைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தாள். "மொதல்ல என் மேல ஏத்துடா!"

"எந்திரிம்மா. ஒரு கல்லுக்கு இவ்ளோ சீனா?" என்றான் டிரைவர்.

"அந்தக் கல்லைத் தொடாதே!"

ஹம்சாதான். ஸ்கூட்டரில் இருந்து பாதி விழுந்து பாதி இறங்கி ஓடிவந்தாள். பின்னாலேயே இன்ஜினியர் வந்து, கல்லை அப்படியே விட்டுவிட்டு ஒதுங்கித் தோண்டச் சொன்னார். கல்லை அளந்து, படம் எடுத்து, ஆபீஸ் ஆபீஸாக ஏறி அவள் வாங்கிய உத்தரவு அது.

"வெள்ளைக்காரன் வெச்ச மைல் கல்லும்மா இது" என்று பொன்மணியின் அருகில் குந்தினாள் ஹம்சா. "கோட்டைலேர்ந்து நாலு மைல்."

"அப்போ சாமி இல்லியா?"

"நீங்க சாமின்னு வெச்சிருக்கலேன்னா, மத்த கல்லு மாதிரி இதுவும் எப்பவோ ஜல்லியாயிருக்கும்." பிறகு இன்ஜினியரிடம் திரும்பினாள். "சார், இதைப் பாத்துக்கறது இவங்கதான். வேலை முடிஞ்சதும் கடை இங்கயே இருக்கணும்." அவர் தலையைச் சொறிந்தார், பிறகு சரி என்றார்.

மிளகாய் விஷயத்தைச் சொல்லிவிடப் பொன்மணி வாயைத் திறந்தாள். ஹம்சாவின் கண்ணில் இன்னும் சிவப்பு இருந்தது. சொல்லாமல், கூடையிலிருந்து ஒரு முழம் பூவை எடுத்து நீட்டினாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தெரு இன்னும் எழுந்திருக்கவில்லை. வடிவேலுவின் வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. பொன்மணி பால் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, கல்லின் உச்சியில் மெல்ல ஊற்றினாள். மஞ்சளும் சிவப்புமாக வழிந்து, தோண்டிப் போட்ட மண்ணில் இறங்கியது. தண்ணீர் விட்டு, முந்தானையால் ஒவ்வொரு மூலையாகத் துடைத்தாள்.

"அந்தப் பொண்ணு கண்ணு குளிரணும் தாயே" என்றாள்.

பிறகு புது மஞ்சளைக் குழைத்து, அந்த நாலை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் பூசினாள்.