சனிக்கிழமை சொன்ன தப்பு

எங்கள் சங்கத்தில் ஒரு வேண்டாத பழக்கம் உண்டு. தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரிகள் சங்கம் அது. மாதம் ஒரு சனிக்கிழமை ஜார்ஜ் டவுனில் கூடுவோம். மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் ஒருவர் எழுந்து, தான் வேலையில் செய்த தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். அதை யாரும் வெளியே பேசக்கூடாது. இரண்டு வருடமாகப் பின்வரிசையில் தலையைக் குனிந்து தப்பித்துக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை மாட்டிக்கொண்டேன்.

சொன்னேன். மூன்று வருடத்துக்கு முன், மாக் மண்டினில் எங்கள் தொழிற்சாலையில் எண்ணெய்த் தொட்டி கழுவும் வேலை. உள்ளே காற்று சரியாக இருக்கிறதா என்று மீட்டரில் பார்க்காமலே அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சாப்பாட்டு நேர அவசரம். தொழிலாளி தங்கராஜு உள்ளே நாலு படி இறங்கியதும் தலை சுற்றுகிறது என்றார். தூக்கி எடுத்தோம், பிழைத்துக்கொண்டார்.

வீட்டில் என் கணவர் யுகேந்திரன் தலையில் அடித்துக்கொண்டார். "திங்கக்கிழமை இண்டர்வியூ வெச்சிக்கிட்டு ஊரக் கூட்டிச் சொல்லிட்டு வந்திருக்கியே! அறிவிருக்கா?"

அவர் கோபம் நியாயம்தான். மாத முடிவில் எங்கள் தொழிற்சாலையை மூடுகிறார்கள். எனக்கு வேறு எங்கிருந்தும் அழைப்பு வரவில்லை.

திங்கட்கிழமை பாலம் தாண்டி, புக்கிட் தெங்காவில் இருந்த தொழிற்சாலைக்கு இண்டர்வியூவுக்குப் போனேன். அறைக்குள் நுழைந்தேன். ஆள் எடுக்கும் அதிகாரி இஸ்ஸதிக்குப் பக்கத்தில் தொழிற்சாலை மேலாளராக உட்கார்ந்திருந்தவர், சனிக்கிழமை சங்கத்தில் எனக்கு முன்வரிசையில் இருந்த ஷஃபீக்; பாதுகாப்பு அதிகாரியாக இருந்து மேலாளராக உயர்ந்தவர். என்னைத் தெரிந்ததாக முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

இஸ்ஸதி மலாயில் கேட்டார்: "வேலையில் பெரிய தப்பு ஏதாவது செய்திருக்கிறீர்களா?"

ஷஃபீக் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் 'இல்லை' என்று சொன்னால் அவரால் வாய் திறக்க முடியாது, சங்கத்து விதி அப்படி. அந்த 'இல்லை' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஒரு தடவை முப்பது பேர் முன்னால் சொன்ன வாய், இப்போது பொய் சொல்ல மறுத்தது. தொட்டியிலிருந்து கையெழுத்து வரை எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு நடந்த அன்று சாயங்காலமே நிர்வாகத்துக்கு நானே எழுதிக் கொடுத்து எச்சரிக்கைக் கடிதம் வாங்கியதையும், மீட்டர் அளவை எழுதாமல் கையெழுத்துப் போட முடியாதபடி தாளை மாற்றி அமைத்ததையும் சொன்னேன்.

இஸ்ஸதி என் விண்ணப்பத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு, "உங்களுக்கு முன்னால் வந்த ஐந்து பேரும் தப்பே செய்ததில்லையாம்" என்றார். ஷஃபீக்கைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். "ஒன்றாம் தேதி வேலைக்கு வர முடியுமா?"

எப்படி எழுந்தேன், எப்படி நன்றி சொன்னேன், ஒன்றும் நினைவில்லை. அப்பாடா என்று வராந்தாவுக்கு வந்தேன். பின்னாலேயே ஷஃபீக் வந்தார்.

"பிரமிளா, சனிக்கிழம கேக்காம விட்டுட்டேன். அந்தத் தங்கராஜு இப்ப எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு சார். போன மாசம்தான் மகளுக்குக் கல்யாணம். நானும் போயிருந்தேன்."

"அது போதும் லா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மூன்று வருடத்தில் எங்கள் தொழிற்சாலையில் ஒருத்தரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. காரில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதேன்.