ஐஸ் மீன்

எங்கள் பக்கம் ஒரு மீனைக் கேவலப்படுத்த 'ஐஸ் மீன்' என்று சொன்னால் போதும். நாகப்பட்டினத்துக்காரன் நான், சவுதியின் அல் கோபாரில் மீனைப் பச்சையாகவே பரிமாறும் ஹோட்டலில் மீன் அறுத்தும் அந்தத் திமிர் போகவில்லை. அன்று மதியம் கபீல், அதாவது எங்களுக்கு விசா கொடுத்த முதலாளி, எட்டு வயது மகளோடு சாப்பிட வந்தார். முதலாளி வீட்டுப் பிள்ளைக்குப் போய் ஐஸ் மீனா? ஃப்ரீசரைத் தொடாமல், வறுவலுக்கென்று காலையில் வந்த புது வஞ்சிரத்தை அறுத்துப் பச்சையாகவே அனுப்பினேன்.

தலைமைச் சமையல்காரர் ஜெயசீலன் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். ஃப்ரீசரைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயப்பன், பச்சையாக் குடுக்கிற மீன் பெட்டி உடைக்காமலே கிடக்கு. நீர் எதை வெட்டினீர்?"

"புது மீனுதாண்ணே. காலையில வந்தது."

"உமக்கென்ன விசரே? அதுக்குள்ள புழு உயிரோட இருக்கும். ஏழு நாள் உறைய வச்சாத்தான் சாகும். பிள்ளையின்ர வயித்தைத் துளைச்சுப்போடும். நீர் ஓடிப்போய் நிப்பாட்டும்!"

அழுக்கு ஏப்ரனோடு சாப்பாட்டுக் கூடத்துக்குள் போகக் கூடாது. போனேன். புழுவுக்கு அரபியில் என்ன சொல்வது? "மாஃபி! மாஃபி!" என்று கத்தினேன். வேண்டாம் என்று நினைத்துத்தான் கத்தினேன். ஆனால் மாஃபி என்றால் இல்லை. மீன் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வந்தேனாக்கும் என்று கபீல் சிரித்தார். "ஃபீ, ஃபீ," இருக்கிறதே, என்று தட்டைக் காட்டினார். அதற்குள் மகள் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டாள்.

அவள் வாய்க்குக் கீழே கையை நீட்டினேன்.

"துப்பு தாயி! துப்பு!"

என்ன புரிந்ததோ, என் உள்ளங்கையில் துப்பிவிட்டாள்.

நாற்காலி சாய, கபீல் எழுந்து என் சட்டையைப் பிடித்தார். கையை விரித்துக் காட்டினேன். சதைக்குள் வெள்ளை நூல் போல ஒன்று நெளிந்தது. அவர் பிடியை விட்டார். பின்னால் ஓடிவந்த ஜெயசீலன் அண்ணனிடம் அரபியில் ஏதோ உறுமினார்.

"மீனை வெட்டினது ஆர் எண்டு கேக்கிறார்," என்றார் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல். "அவனை நாளைக்கே ஊருக்கு அனுப்பிப்போடுவாராம்."

வாயை மூடிக்கொண்டு நிற்கலாமா என்று தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன். நின்றால் பழி அண்ணன் தலையில் விழும்.

"அனா," நான்தான், என்று என் நெஞ்சைத் தொட்டேன்.

அந்த அரபிச் சொல் மட்டும் அவருக்குச் சரியாகப் புரிந்தது.