பெரிய ஷெங்

எங்கள் பள்ளியின் சீன இசைக்குழுவில் பெரிய ஷெங் வாசிப்பவள் நான் ஒருத்திதான். ஷெங் என்றால் என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். நாலு வருடமாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒரு கிண்ணத்தில் குழாய்களைக் கட்டாகச் செருகியது போல இருக்கும், மடியில் வைத்து ஊத வேண்டும், அவ்வளவுதான். சின்ன ஷெங்கும் ஒன்று உண்டு. அதை வெய் ஜென் வாசிக்கிறான். அவனுடையதாவது கொஞ்சம் மேலே கேட்கும். என்னுடையது முரசுக்கும் பெரிய தந்தி வாத்தியங்களுக்கும் அடியில் அமுங்கிப் போகும்.

நான் மிகைப்படுத்தவில்லை. ஒருநாள் ஒத்திகையில் எரிச்சல் தாங்காமல், ஊதாமலே வெறும் விசைகளை அழுத்திக்கொண்டிருந்தேன். முடிந்ததும் குழுவை நடத்தும் ஃபாங் ஆசிரியர், நாங்கள் லாவ்ஷி என்று கூப்பிடுகிறவர், என்னைப் பார்த்து, "இன்னிக்கு நல்லா வந்துச்சு, ஸி யிங்" என்றார். அன்று வீட்டுக்குப் போகிற ரயிலில் நின்றுகொண்டே தூங்கினேன்.

போன வருடம் அம்மா கச்சேரிக்கு வந்தாள். "அந்த எர்ஹூ பிடில் அருமை" என்று சொல்லிவிட்டு, "உன்னுது எதுடி?" என்று கேட்டாள். அப்பா ஒருமுறைகூட வந்ததில்லை. ஜூரோங் மீன் துறைமுகத்தில் அவருக்கு இரவு வேலை. ஊர் விளக்கு போடுகிற நேரம்தான் அவர் தூங்குகிற நேரம். இந்த வருடத்தோடு எனக்குப் பள்ளி முடிகிறது, இதுதான் கடைசிக் கச்சேரி. அவருக்கு என்ன தோன்றியதோ, "நான் வரேன்" என்றார்.

"நீ தூங்குப்பா. வந்தாலும் ஒண்ணும் கேக்காது."

"ஏன், எனக்குக் காது செவிடா?"

"உன் காது நல்லாத்தான் இருக்கு. என்னோடதுதான் வெளிய வராது."

"வராம எங்க போயிடும்? நான் கேக்கறேன் பாரு."

அந்த வார்த்தைதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. அதுவரை முடிந்தால் போதும் என்றிருந்தவளுக்கு, அவர் காதில் ஒரு ஸ்வரமாவது விழ வேண்டுமே என்று ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தால் அசதி இரண்டு மடங்கு.

கச்சேரி அன்று பிடித்தது மழை. ஷெங்குக்கு ஈரமும் குளிரும் ஆகாது. உள்ளே நீர் கோத்துக்கொண்டு, அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய உலோக நாக்குகள் ஒட்டிக்கொள்ளும். அதனால் முடி உலர்த்தும் கருவியை மிதமான சூட்டில் வைத்துக் காட்டுவோம். நான் என்னுடையதைக் காட்டி முடித்துக் கருவியை வெய் ஜென்னிடம் கொடுத்தேன். அவன் ஒரு கையில் அதையும் மறு கையில் கைப்பேசியையும் பிடித்துக்கொண்டு, முழுச் சூட்டில் வைத்துவிட்டான். நாக்குகளை மெழுகு வைத்துத்தான் ஒட்டியிருக்கும். மெழுகு இளகி, உள்ளே 'டிக்' என்று ஏதோ விழுந்தது.

"ஐயோ, போச்சு!" என்றான்.

போனது எந்தக் குழாய் தெரியுமா? மொத்தக் குழுவுக்கும் சுதி கொடுக்கிற குழாய். சீனக் குழுவில் ஷெங்தான் சுதி கொடுக்கும், மற்றவர்கள் அதற்குச் சேர்ப்பார்கள். ஃபாங் ஆசிரியரின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே!

"அறிவிருக்காடா உனக்கு? அது என்ன, கோழி இறக்கையா, வாட்டி எடுக்க?" என்று கத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஸி யிங், நீ சுதி குடு."

"நானா, லாவ்ஷி?"

"வேற யாரு இருக்கா?"

நாலு வருடத்தில் அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை எனக்கு.

திரை விலகியது. அரங்கம் அடங்கியது. நான் மூச்சை இழுத்து ஊதினேன். ஒரே ஸ்வரம், நீளமாக. தந்திகள் ஒவ்வொன்றாக வந்து அதில் சேர்ந்தன, பிறகு புல்லாங்குழல்கள், பிறகு மற்றவை. எல்லாம் அடங்கியதும் அரங்கின் நடுவிலிருந்து பலமாக ஒரு கைதட்டல்.

அப்பா. எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார்.

அரங்கமே சிரித்தது. சுதிக்குப் போய் யாராவது கைதட்டுவார்களா? வெய் ஜென் என்னை இடித்து, "யாருடி அந்த அங்கிள்?" என்றான். "எனக்கென்ன தெரியும்" என்றேன். அப்பா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார். எனக்குக் காதெல்லாம் எரிந்தது.

பாட்டு தொடங்கிச் சற்று நேரத்தில் பார்த்தால், அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து வாய் திறந்திருந்தது. நல்ல தூக்கம். எனக்கு வந்த கோபத்தில் இருந்த மூச்சையெல்லாம் கொட்டி ஊதினேன். முரசு அதையும் விழுங்கிவிட்டது.

கச்சேரி முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். அவர் நேராக வேலைக்குப் போக வேண்டும்; ரப்பர் காலணியைப் பையில் கொண்டு வந்திருந்தார்.

"நல்லாத் தூங்கினியா?" என்றேன்.

"ம். அசந்துட்டேன்."

"அதுக்கு வராமயே இருந்திருக்கலாம்."

"ஏன்? உன்னோடதைக் கேட்டுட்டுத்தானே தூங்கினேன்."

"எதைக் கேட்ட?"

அப்பா வாயை மூடிக்கொண்டு, மூக்கால், ஒரே ஸ்வரத்தை நீளமாக இழுத்தார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்சமும் பிசகாத சுதி.

"நீ ஊதினே. எல்லாரும் ஒவ்வொருத்தரா அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. சரி, நம்ம பொண்ணு வேலையை முடிச்சுட்டா, இனிமே அவங்க பாத்துப்பாங்கன்னு கண்ணை மூடினேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கை தட்டியிருக்கக் கூடாதோ? எல்லாரும் சிரிச்சாங்க. உனக்கு அவமானமாப் போச்சாம்மா?" என்றார்.

யாரென்று தெரியாது என்று வெய் ஜென்னிடம் சொன்ன வாய் இது.

"இல்லப்பா. அங்கதான் தட்டணும். அவங்களுக்குத்தான் தெரியல."

அவர் பேருந்து வந்துவிட்டது.