எண்பது சென்டிமீட்டர்

ஜபருல்லா கூடத்தில் வெள்ளைத் துணியை விரித்ததும் சித்தி ஹாஜராவின் கை சும்மா இருக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் தைத்த கை. யார் வீட்டில் எந்தத் துணியை விரித்தாலும் அளந்து பார்க்கத் துடிக்கும். இன்று விரித்திருப்பது தன் புருஷனைச் சுற்றி அடக்கப்போகும் கஃபன் துணி என்பது மனசுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து உள்ளங்கையில் சுருட்டி வைத்திருந்த டேப்பைப் பிரித்துத் துணியின் ஓரத்தில் ஓட்டினாள்.

"ஜபருல்லா, ரெண்டு மீட்டருன்னீங்க. நாலு சென்டி கொறையுதே?"

குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பள்ளிவாசலிலிருந்து வந்த ஆண்கள் ஹபீப் முகம்மதுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஜபருல்லா இருபது வருஷமாக மய்யித்துக்குத் துணி வெட்டுகிறவர். எத்தனையோ வீட்டில் எத்தனையோ அழுகையைப் பார்த்திருக்கிறார். கஃபன் துணி குறைகிறது என்று சண்டைக்கு வந்த வீட்டைப் பார்த்ததில்லை.

"பள்ளிவாசல் துணியில நான் ஏன் லாத்தா கொறைக்கப் போறேன்?" என்று பையிலிருந்த இரும்பு டேப்பை இழுத்து வைத்துக் காட்டினார். சரியாக இரண்டு மீட்டர். பிறகு அவளுடைய டேப்பை வாங்கி அதன் பக்கத்தில் நீட்டிப் பிடித்தார். துணி டேப் நூற்றைம்பதில் முடிந்த இடத்தில் இரும்பு டேப் நூற்றைம்பத்து மூன்று காட்டியது.

"ஒங்க டேப்பு இழுத்துப் போச்சு லாத்தா. பழைய சாமான்லா. இதுல அளந்தா எல்லாத்தயும் கொறைச்சுத்தான் காட்டும்."

சித்தி ஹாஜரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். துக்கம் இப்போதுதான் இறங்குகிறது என்று நினைத்து எதிர்வீட்டு மோகனா ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஹபீப் முகம்மது ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் முப்பது வருஷம் பிளான் வரைந்தவர். எந்த அடுக்குமாடி எழும்ப வேண்டுமானாலும் மனையில் இத்தனை பங்கு பசுமை, இத்தனை மரம் என்று காட்டினால்தான் மாநகர் மன்றத்தில் பிளான் பாஸாகும். அந்த மரங்களைப் போடுவது அவர் வேலை. மரம் என்றால் ஒரு வட்டம், உள்ளே பச்சை, அவ்வளவுதான். தாங்கள் குடியிருக்கும் இந்த ஜெலுத்தோங் ஃபிளாட்டுக்கே இருபத்திரண்டு வட்டம் போட்டது அவர்தான். நடாமல் விட்டது, நட்டுப் பட்டுப்போனது, கார் நிறுத்த வெட்டியது எல்லாம் போகக் கடைசியில் மிஞ்சியது கார் பார்க் ஓரத்து மகிழ மரம் ஒன்று. "ஏங்கையிலேர்ந்து போன வட்டத்துல இது ஒண்ணுதான் மரமாச்சு" என்பார்.

அந்த ஓரத்தையும் சேர்த்து வளைத்துக்கொண்டு பக்கத்து மனையில் முப்பது மாடி வரப்போகிறது. திங்கட்கிழமை மரம் செடியை வெட்டித் தரையைச் சுத்தம் செய்ய ஆள் வருகிறது என்று பலகை வைத்துவிட்டார்கள். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவு எண்பது சென்டிமீட்டரைத் தாண்டினால் மன்றத்தின் அனுமதி இல்லாமல் அதில் கத்தி வைக்க முடியாது. தாண்டாவிட்டால் கேட்க நாதியில்லை. ஹபீப் முகம்மது மன்றத்துக்குக் கடிதம் அடித்துக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். அளவு எழுத வேண்டிய இடம் மட்டும் காலி.

"எம்பதுன்னு எழுதிட வேண்டியதுதானே மச்சான்? யாரு வந்து அளக்கப் போறா?" என்று அவள் எத்தனையோ முறை கேட்டுவிட்டாள்.

"இல்லாததப் போட்டே முப்பது வருசம் ஓட்டியாச்சு ஹாஜரா. இதயாவது இருக்கறதப் போடுறேனே."

மாதம் ஒருமுறை இருவரும் கீழே போவார்கள். அவள் டேப்பின் நுனியைப் பிடிப்பாள், அவர் குனிந்து மரத்தைச் சுற்றி வந்து எண்ணை வாசிப்பார். போன மாதம் எழுபத்தொன்பதைத் தாண்டி ஒரு கோடு. போன வருஷம் இதே சமயம் எழுபத்தெட்டரை. இந்த டேப் அவள் கொடுத்ததுதான். தையலுக்கு ஆகாது என்று தள்ளிவைத்த பழசு, மரத்துக்குத்தானே, போகட்டும் என்று கொடுத்தாள். அவள் கணக்கில் கெட்டிக்காரி. நூற்றைம்பதுக்கு மூன்று என்றால் எழுபத்தெட்டரைக்கு ஒன்றரைக்கு மேல். ஒரு வருஷத்துக்கு முன்பே வந்துவிட்ட எண்பதுக்காக அந்த மனிதர் மாதாமாதம் குனிந்து குனிந்து காத்திருந்திருக்கிறார். கொடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.

இன்று காலையும் கூப்பிட்டார். "வர்றியா, நுனியப் புடி." அவளுக்குக் கல்யாண வீட்டுத் துணி ஆறு பாக்கி. எரிச்சல் முட்டிக்கொண்டு வந்தது.

"நீங்களும் ஒங்க மரமும்! என்னைய ஒரு தடவ இப்படிச் சுத்திப் பாத்திருப்பீங்களா? போங்க, தனியாவே அளந்துக்குங்க."

அவர் அவளுடைய மெஷின் பக்கம் வந்து எதையோ துழாவி எடுத்துக்கொண்டு போனார். அரைமணி நேரத்தில், மரத்தடியில் விழுந்துவிட்டார் என்று காவலாளி அந்த டேப்போடு மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றான்.

மோகனா கைப்பேசியை நீட்டினாள். பெர்த்திலிருந்து மகள் மர்ஜானா. விமானம் நாளைக்குத்தான், அடக்கத்துக்குக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அழுதாள்.

"உம்மா, அத்தா கடைசியா என்ன சொன்னாங்க?"

நுனியைப் பிடிக்கச் சொன்னார் என்பது தொண்டை வரைக்கும் வந்தது.

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றாள் சித்தி ஹாஜரா.

லுஹர் தொழுகைக்கு முன் மய்யித்து வைத்த சந்தூக்குப் பெட்டியைப் படிவழியே இறக்கினார்கள். ஜபருல்லா கடைசியாகச் செருப்பை மாட்டும்போது அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"அந்த இரும்பு டேப்பக் குடுத்துட்டுப் போங்க."

"எதுக்கு லாத்தா? நீங்க இத்தாவுல வீட்டோட இருக்கணும். கீழ எறங்காதீங்க."

"நாலு மாசம் பத்து நாளு இருக்கத்தான் போறேன். அதுல ஒரு பத்து நிமிசம் தாங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டேப்பைக் கொடுத்தார்.

அவள் மோகனாவோடு கீழே வந்தபோது வேன் போய்விட்டிருந்தது. ஆண்களின் மோட்டார் சைக்கிள்களும் அதன் பின்னால் போய்விட்டன. கார் பார்க்கில் வெயில் மட்டும் இருந்தது. மரத்தடியில் மகிழம்பூ உதிர்ந்து கிடந்த இடத்தில், காலையில் ஆட்கள் கூடி மிதித்த தடம். சித்தி ஹாஜரா முழங்காலிட்டாள். தனியாக எப்படி அளந்திருப்பார் என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. பதில் அவள் கண் முன்னாலேயே இருந்தது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், பட்டையில் ஒரு குண்டூசி. அவளுடைய டப்பாவிலிருந்த சிவப்புத் தலை குண்டூசி.

"என்னாக்கா அது?" என்றாள் மோகனா.

அவள் இரும்பு டேப்பின் கொக்கியை ஊசியில் மாட்டி, முழங்காலாலேயே நகர்ந்து மரத்தைச் சுற்றி வந்தாள். முட்டி தேய்ந்தது. அவர் இந்த வயதில் இதைத்தான் செய்திருக்கிறார் என்று நினைத்ததும் வாய்விட்டு அழுதாள், காலையிலிருந்து வராத அழுகை. மோகனா கிட்டே வரவில்லை. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணைப் பார்த்தாள்.

"எம்பத தாண்டி எட்டுக் கோடு" என்று உரக்கச் சொன்னாள், அவர் வாசிப்பதுபோலவே.

மேலிருந்து கையோடு கொண்டுவந்த கடிதத்தை மோகனா மடிப்புப் பிரித்துக் கொடுத்தாள். காலியிடத்தில் சித்தி ஹாஜரா அந்த எண்ணை எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது, எண் சரியாக இருந்தது.

"திங்கக்கெழம வரைக்கும் காத்திருக்க வேண்டாக்கா, இப்பவே ஃபோட்டோ எடுத்து ஆன்லைன்ல போட்டுடறேன். ஆபீஸ் தொறந்ததும் மொத வேலையா நேர்லயும் போய்க் குடுக்கறேன்" என்றாள் மோகனா. "வாங்கக்கா, மேல போலாம். வெயிலு."

"நீ போம்மா. நான் வர்றேன்."

மோகனா கடிதத்தோடு படியேறிப் போனாள். டேப் இன்னும் மரத்தைச் சுற்றித்தான் இருந்தது. ஊசி அதை நன்றாகவே பிடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் சித்தி ஹாஜரா இடது கையால் நுனியைப் பிடித்தபடி அங்கேயே இருந்தாள்.