கோவிந்தப்பாவின் பின்னால் வந்த பனியாறு

1991 ஆகஸ்டில், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் கோவிந்தப்பா கன்டோன்மென்ட் ரயில் நிலையத்தில் இறங்கியபோது, அவருக்குப் பின்னால் ஒரு பனியாறும் இறங்கியது. முழுப் பனியாறு அல்ல. வடக்கே அவர் காவலிருந்த மலையில் கிடந்த பனியாற்றின் ஒரு கிளை, இரண்டு லாரி நீளம் இருக்கும். டெல்லியிலிருந்து ரயில் பெட்டியின் கூரைமேல் படுத்து வந்தது. டிக்கெட் பரிசோதகர் அதை ராணுவச் சாமான் என்று எண்ணி விட்டுவிட்டார். ஏன் உங்கள் பின்னால் வந்தது என்று கேட்டவர்களுக்கு, வருடக்கணக்காக அதன்மேல் நடந்தும் ஒருமுறைகூடத் தான் அதன்மேல் துப்பியதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. பனியாறு வந்ததை எங்கள் காக்ஸ் டவுன் பேட்டை உடனே நம்பியது. ஒரு மனிதன் அத்தனை வருடம் துப்பாமல் இருந்தான் என்பதைத்தான் நம்பவில்லை.

ரயில் பாதையை ஒட்டிய அவருடைய ஓட்டு வீட்டின் கொல்லையில், வறண்ட கிணற்றுக்குப் பக்கத்தில் அது படுத்துக்கொண்டது. பகலில் கசியும், இரவில் இறுகும். கிணறு நிரம்பியது. பின்சந்து லைன் வீடுகளில் இருந்த பாஞ்சாலி, மாநகராட்சியில் தெரு கூட்டுகிறவள், அதுவரை காற்று மட்டும் வரும் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். கோவிந்தப்பா கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார். லைன் வீடுகள் முழுக்க அந்தக் கிணற்றை நம்பி வாழத் தொடங்கின. அந்த டிசம்பரில் காவிரித் தண்ணீரின் பேரால் தமிழர் வீடுகளைத் தேடிப்போய் எரித்தார்கள் அல்லவா, ஒரு கும்பல் இங்கேயும் வந்து தீப்பந்தத்தை வீசியது. பந்தம் பனிமேல் விழுந்து அணைந்தது. வந்தவர்கள் குளிர் தாங்காமல் திரும்பிப் போனார்கள். கொஞ்ச நாளில் அவர்கள் வீட்டுப் பெண்களே குடத்தோடு வந்து நிற்க, கோவிந்தப்பா இறைத்துக் கொடுத்தார். ஆனால் பந்தம் விழுந்த இடம் கருத்துப்போனது. கரி படிந்த பனி வெயிலைப் பிடித்து வைத்துக்கொண்டு வேகமாக உருகும். அவர் தென்னந்துடைப்பத்தால் அந்தக் கறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்று வருடம் கழித்து யாருக்கோ அதில் சிவலிங்கம் தெரிந்தது. கற்பூரம் வந்தது. வேறு யாருக்கோ மாதா தெரிந்தாள், மெழுகுவர்த்தி வந்தது. யாரைக் குறை சொல்வது? எந்தச் சாமியானாலும் நாம் நெருப்பைத்தான் கொண்டுபோய்க் காட்டுகிறோம். கும்பிட்டவர்கள் போனபிறகு மது பார்க்காரர்கள் கிளாஸில் போட ரம்பத்தோடு வந்தார்கள். கல்யாண மண்டபக்காரர்கள் அன்னப்பறவை செதுக்க வெட்டிக்கொண்டு போனார்கள். பனியின் வெடிப்புகளுக்குள் குட்கா பாக்கெட், பிரியாணிப் பொட்டலம், குழந்தையின் அழுக்குத் துணி. காலையில் கோவிந்தப்பா கைவிட்டு ஒவ்வொன்றாக எடுப்பார். நானாக இருந்தால் தொட்டிருக்க மாட்டேன், அவர் எடுத்தார்.

பக்கத்துப் பங்களாவை டென்சில் என்பவர் விற்றுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். அங்கிருந்த மாமரங்கள் போய் அடுக்குமாடி எழுந்தது. மின்விசிறியே வாங்காத ஊர் ஏசி வாங்கியது. ஏசிகளின் சூடான மூச்செல்லாம் கோவிந்தப்பாவின் கொல்லைப் பக்கமாகத் திரும்பியிருந்தது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் புகை. விடுமுறையில் வந்த ராணுவப் பையன் ஒருவன், வடக்கே தாய்ப் பனியாறும் மேலே மேலே பின்வாங்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். அன்று கோவிந்தப்பா சாப்பிடவில்லை.

அடுக்குமாடியில் அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற அனந்தபத்மநாபன் குடியிருந்தார். பனியாறு பாதுகாப்புச் சங்கம் தொடங்கியவர் அவர்தான். தொடக்க விழாவில் ஐந்து முகக் குத்துவிளக்கைப் பனியின் உச்சியிலேயே வைத்து ஏற்றினார்கள், அது ஒரு முழம் உள்ளே இறங்கிப் போனது, கை தட்டினார்கள். பாதுகாப்பின் முதல் வேலையாகக் கிணற்றில் மோட்டார் இறக்கினார்கள். அந்தத் தண்ணீரில் கார்கள் பளபளத்தன. இரண்டாவது வேலையாகப் பனியாறு பொதுச்சொத்து என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கிக் கொல்லைக் கதவைப் பூட்டினார்கள். லைன் வீட்டாருக்குத் தனி வாளி, தனிக் கயிறு, கார் கழுவி முடித்த பிறகு. அந்தக் கயிற்றைப் பார்த்த நாளில் இந்த ஊர்மேல் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது.

கோவிந்தப்பா மாடியேறிப் போய்ச் சொன்னார்: "சார், அது உசுரோட இருக்கணும்னா மோட்டாரையும் ஜெனரேட்டரையும் நிறுத்துங்க. அது போச்சுன்னா பின்னாடி இருக்கிற ஜனங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல."

"அதைப் பாதுகாக்கத்தானே சங்கமே இருக்கு" என்றார் அனந்தபத்மநாபன். "நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்கோ."

2003 கோடையில் பனியாறு ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு வந்துவிட்டது. தனக்குப் பின் அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற ஒரே கவலையோடு கோவிந்தப்பா செத்துப்போனார். சங்கத்துக்கு அந்தக் கவலை இல்லை. அடுக்குமாடி வாசலில் பனியாற்றுக்காகக் கிரானைட் தொட்டி கட்டி, நன்கொடையாளர் பெயரெல்லாம் பொறித்துத் தயாராக வைத்திருந்தார்கள். பாடை தெருமுனை திரும்பியதும் பனியாறு எழுந்தது. தொட்டியைச் சுற்றிக்கொண்டு, நீர்த்தாரை வழியவிட்டபடி, பாடையின் பின்னால் கல்பள்ளி மயானம் வரை போனது. அவரைப் புதைத்து மண் தள்ளியதும் மண்மேட்டின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

சங்கம் முதலில் அதைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடத் தீர்மானித்தது. பிறகு யாரோ ஒருவர், அது பிணத்தின்மேல் கிடந்த பனி ஆயிற்றே என்றார். வழக்குப் பேச்சு அத்தோடு நின்றது. ஏற்கெனவே குடித்ததற்கும் சேர்த்துப் பரிகாரம் செய்து, தொட்டிக்குத் தீட்டுக் கழிக்கப் புண்யாகவாசனம் நடத்தி, டேங்கர் லாரிக்குச் சொல்லிவிட்டார்கள்.

மயானத்தில் அதன் பக்கத்தில் யாரும் கற்பூரம் கொளுத்தவில்லை. கிளாஸில் போட யாரும் உடைக்கவில்லை. மரங்கள் அடர்ந்த மூலை, கிட்டே போகவே பயம். இரண்டு மழைக்காலத்தில் அது பழைய நீளத்துக்கு வந்துவிட்டது. பாஞ்சாலியும் லைன் வீட்டாரும் மட்டும் அங்கே போவார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு வேலையே அந்த மயானத்தில்தான், பிணத்துக்கு அவர்கள் பயப்படுவதில்லை. பனிமேல் விழுந்த சருகைப் பெருக்கிவிட்டு, கீழே கசிந்து தேங்குவதை வீட்டுக்கு இத்தனை குடம் என்று பிரித்துக்கொள்வார்கள்.

ஒரு ஏப்ரலில் டேங்கர் வராமல் அடுக்குமாடி நாறியது. அனந்தபத்மநாபன் மூக்கில் கைக்குட்டையும் கையில் பிளாஸ்டிக் கேனுமாக மயான வாசலுக்கு வந்து, குடத்தோடு வெளியே வந்த பாஞ்சாலியிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். நல்ல தண்ணீர்தானா என்றும் கேட்டார்.

"நல்ல தண்ணிதான் சார்" என்றாள் பாஞ்சாலி. "கோவிந்தப்பாண்ணா நெஞ்சு மேலேர்ந்து வருது. ஊத்தவா?"

அவர் முகத்தைச் சுளித்துக் கேனை இழுத்துக்கொண்டார். பக்தியும் சங்கமும் கொன்றுகொண்டிருந்த ஒன்றை அந்த முகச்சுளிப்பு காப்பாற்றியது. வாழ்நாளெல்லாம் நான் வெறுத்த அந்த அருவருப்பு அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் குறையாமல் இருக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். பனியாறு இப்போது மயானத்தின் கிழக்குச் சுவரைத் தாண்டிவிட்டது. மே மாதத்தில் பிணம் கொண்டுவருகிறவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.