ஆறாவது மாடிப் புழுவின் போர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கிற நான்கு பற்களும் இன்றே உதிரட்டும்.

ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் ஆறாவது மாடியில் தனியாக இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருடம். ஒரே மகளுக்கு வேறு ஊரில், ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்வாள்.

"சாப்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? சரிப்பா, வச்சிடறேன்."

நாற்பது விநாடி. லிஃப்ட் தரையிலிருந்து அவர் வாசலுக்கு ஏறி வரும் நேரம். அதன்பிறகு அடுத்த ஞாயிறுவரை அந்த வீட்டில் வாய் திறப்பது குக்கர் மட்டும்தான்.

ஒரு ஞாயிறு, அவள் வைக்கப்போகும்போது அவர் சொன்னார்: "பால்கனி எலுமிச்சையில ஒரு புழு வந்திருக்கும்மா. பச்சையா, விரல் தடிமனுக்கு."

"அப்படியா?"

"எறும்புக் கூட்டம் சுத்தி வளைச்சிடுச்சு. இது அசரணுமே! தலைக்குப் பின்னாலேருந்து ஆரஞ்சு நிறத்துல ரெண்டு கொம்பை நீட்டிச்சு பாரு, நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம். எறும்பெல்லாம் துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடிடுச்சு. கீழ்வீட்டுக்காரர் சாக்கடை அடைச்சுக்கிச்சுன்னு பிளம்பரையே வரவழைச்சுட்டார்."

மகள் சிரித்தாள். பன்னிரண்டு நிமிடம் பேசினாள். மறுநாள் வெறும் திங்கட்கிழமை. அன்றும் போன் மணி அடித்தது.

"உங்க வீரர் எப்படி இருக்கார்?"

அன்றிலிருந்து மெக்கானிக் புழுவைக் கண்ணில் வைத்துக் காத்தார். செய்தித்தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பால்கனியில் காவல். ஆனாலும் செவ்வாயன்று குளவி வந்துவிட்டது. புழு ஒரு நூலை விட்டு, அதைப் பிடித்துக்கொண்டு கீழே குதித்தது. நூல் நான்காவது மாடித் துணிக்கொடியில் அறுந்துபோக, சாயங்காலம் அந்த வீட்டு டீச்சரம்மாவின் தோளில் உட்கார்ந்து லிஃப்டில் வீடு திரும்பியது. தான் போடும் புழுக்கையின் வாசனையை வைத்துத்தான் குளவி வீடு தேடி வருகிறது என்று அதற்கு விளங்கிவிட்டது. புதன்கிழமை முதல் புழுக்கையைத் தெருவைத் தாண்டிச் சுட ஆரம்பித்தது. எதிர்க் கட்டடத்து வாட்ச்மேன் தொப்பியில் மூன்று ஓட்டை.

"அப்பா, அப்படிச் சுடறது வேற ஜாதிப் புழு. நான் படிச்சேன்."

"இதுவும் படிச்சிருக்கும்மா."

வியாழனன்று அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். குளவி ஜெயித்தால் புழு காலி. புழு ஜெயித்தால் வண்ணத்துப்பூச்சியாகிப் பறந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் போன் பழையபடி நாற்பது விநாடிக்குத் திரும்பிவிடும். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வேலைக்காலத்தில் எத்தனையோ முறை மீட்டிருக்கிறார். இப்படியே மாட்டிக்கொண்டிருக்க வழி உண்டா என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை போனை எடுத்ததும் அவர் சொன்னார்:

"இப்ப கொசு அளவுக்கு வேற ஒரு குளவிம்மா. முதுகுல ஏறி முட்டை வைக்கப் பாக்குது. புழுவும் உதறுது, பச்சையா கக்குது. முடியல அதுக்கு. களைச்சுப்போச்சு."



"அதைச் சாக விட்டுடாதீங்கப்பா."

"என் கையில என்னம்மா இருக்கு?"

"உங்க கையிலதான்பா இருக்கு."

"இரு, பாத்துட்டு வரேன்."

போனை மேசையில் வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனார். திரும்பி வர நேரமானது. அவள் வைக்காமல் காத்திருந்தாள்.

"ஒரே உதறல்! குளவி மூணாவது மாடியில போய் விழுந்துடுச்சு. நம்மாளு கூடு கட்ட ஆரம்பிச்சாச்சு."

"வெளிய வர எத்தனை நாளாகும்?"

"மத்ததுக்கு ரெண்டு வாரம். இது கொஞ்சம் சோம்பேறி. மழைக்காலம் முடியணும்."

"முடியட்டும்பா, என்ன அவசரம்? நாளைக்குக் கூப்பிடறேன். எப்படித் தூங்குதுன்னு சொல்லுங்க."

அந்த எலுமிச்சைச் செடி பிளாஸ்டிக். அப்பா தண்ணீர் ஊற்ற மறந்துவிடுவார் என்று போன வருடம் மகள்தான் கடையில் பார்த்துப் பொறுக்கி வாங்கி வைத்தாள்.